பூஜ்யத்துக்கு வைத்த தண்ணீர்

மழை பெய்கிறது என்று நான் சொன்னால்கூட, கூட வேலை பார்த்தவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் குடையைத் தேடுவார்கள். அந்த அளவுக்குக் கதை அளப்பேன். இப்போது விசாரணைக்கு வந்து நீங்கள் எழுதிக்கொள்வதில் மட்டும் கலப்பில்லை.

தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் ஒரே கருவியோடு குடித்தனம் நடத்தினேன். ஒரு சொட்டுத் தண்ணீரைச் சூட்டில் ஆவியாக்கி, அதனூடே ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு ஒளி குறைகிறது என்று பார்த்து, அதில் ஆர்சனிக் எவ்வளவு என்று சொல்லிவிடும். ஆர்சனிக் என்றால் பாஷாணம்தான். ஆனால் முதலில் சுத்தமான தண்ணீரைக் காட்டி, இதுதான் பூஜ்யம் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொன்னதை அப்படியே நம்பும். என் மனைவி அந்த ரகமல்ல.

ஒரு சமயம் நீரைக் காய்ச்சி வடிக்கும் சாதனம் பழுதாகிவிட்டது. வேலை நிற்கக் கூடாதே என்று குழாய்த் தண்ணீரைப் பூஜ்யமாக வைத்தேன். அது எங்கள் வளாகத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஊர்க் கிணறுகளுக்கும் அதற்கும் ஒரே நிலத்தடி. பாஷாணத்தையே பூஜ்யம் என்று காட்டினால் கருவி பாவம் என்ன செய்யும்? எல்லாக் கிணறும் சுத்தம் என்றது. சில கிணறுகள் பூஜ்யத்துக்கும் கீழே போயின.

அந்த மாதம்தான் எங்கள் இயக்குநரின் யோசனைப்படி ஊர்க் கிணறுகளுக்குப் பாஷாணத்தை நீக்கும் வடிகட்டி பொருத்தியிருந்தார்கள். “சாதிச்சுட்டோம்யா” என்று என் முதுகில் தட்டினார்.

சாதனம் சரியானதும், வடித்த நீரை வைத்து ஒரே ஒரு கிணற்றைத் திரும்பப் பார்த்தேன். இருக்கலாம் என்று விதித்த அளவைப்போல் ஆறு மடங்கு. தாளை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். அங்கே புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் மறுபடியும் குழாய்த் தண்ணீர். அப்படியே ஒன்பது வருடம்.

மாடியில் மரபணு ஆராய்ச்சி செய்த பெண் அதே கிணற்று நீரில் நத்தை வளர்த்தாள்.

“ஐயா, உங்க மிஷின் ஒண்ணுமே இல்லைங்குது. என் நத்தைங்களோட டிஎன்ஏ துண்டு துண்டா உடைஞ்சிருக்கே?”

“நத்தைதானேம்மா, மெதுவாத்தான் சொல்லும். முழுசா சொல்லி முடிக்கட்டும்.”

சிரித்துவிட்டாள். என் எண்களோடு ஒத்துப்போகவில்லை என்று அவள் ஆய்வைத் தள்ளிவிட்டார்கள். வேலையை விட்டுப் போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். நத்தைகளை நான்தான் கொட்டினேன்.

என் தங்கை வீடும் அந்தக் கிணற்றுத் தெருவில்தான். வடிகட்டி வந்த புதிதில் கேட்டாள்.

“அண்ணே, உன் வாய் சொன்னா நம்ப மாட்டேன். உன் மிஷின் என்ன சொல்லுது?”

“ஒண்ணுமில்லைங்குது.”

அப்போது எனக்கே தெரியாது. தெரிந்த பிறகும் கேட்டாள். அதே பதில். போகும்போதெல்லாம் டம்ளரில் தண்ணீர் நீட்டுவாள்.

“ஏண்ணே, எங்க வீட்டுத் தண்ணி தொண்டையில எறங்காதோ? பெரிய மனுஷன் ஆயிட்டே.”

“இப்பத்தாம்மா டீ குடிச்சேன்.”

ஒன்பது வருடத்தில் அத்தனை டீ குடித்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் வருடம் அவள் உள்ளங்கை சொரசொரத்தது. ஆறாம் வருடம் தோளெல்லாம் புழுதியில் தூறல் விழுந்ததுபோல் புள்ளிகள். பிறகு சிறுநீர்ப்பையில் புற்று. படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மரப்பட்டை போலிருந்தது அவள் கை.

“எதனால வந்துச்சுன்னே தெரியலைண்ணே. தண்ணியாச்சும் நல்ல தண்ணின்னு நீ பாத்துச் சொன்னே. அந்த ஒரு நிம்மதி.”

போன மாதம் போய்விட்டாள். அந்தத் தெருவில் அவளுக்கு முன்னால் பதினோரு பேர்.

ஊருக்குச் சொல்லாவிட்டாலும் கூடப்பிறந்தவளிடமாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. ஆனால் தெருவே அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது, என் தங்கை என்பதற்காக அவளுக்கு மட்டும் சலுகை காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.