பத்தாம் எண் புட்டி

என் வலது இடுப்பில் நான்கு திருகாணிகள் இருக்கின்றன. அதனால் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நிற்பேன். வாசலில் இருக்கும் காவலர் அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அறுபத்துமூன்று வயதில், இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் எங்கே ஓடப் போகிறேன்.

நீங்கள் கென்ட் நகரத்து விசாரணை நீதிபதி. எங்கள் ஊரெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு தேவாலயம், இரண்டு ரொட்டிக் கடைகள், ஒரு மருந்துக்கடை. அந்த மருந்துக்கடை என்னுடையது. யாருக்கு மூலம், யாருக்கு மூட்டுவலி, எந்த வீட்டுப் பையனுக்கு எங்கே சொறி என்று முப்பத்தைந்து வருடமாக எனக்குத் தெரியும். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விட்டதில்லை. விசாரித்திருப்பீர்கள். லீவன் தங்கமான மனிதர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மார்லீன் எங்கள் ஊருக்கு வந்தது பதினாறு வருடங்களுக்கு முன்னால். கணவர் கால்வாயில் விழுந்து செத்த பிறகு பழைய வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்தாள். பள்ளியில் புவியியல் நடத்தியவள். வரும்போதே மனதை அடக்கித் தூங்கவைக்கும் மாத்திரைக்குச் சீட்டு கொண்டுவந்தாள். ஒரு மாதத்துக்குத்தான் எழுதியிருந்தது. அது பதின்மூன்று வருடம் ஓடியது. இதில் யாரைக் குறை சொல்வது. பழைய டாக்டர் எழுதினார், நான் கொடுத்தேன், அவள் விழுங்கினாள்.

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். நாள்பட்டுச் சாப்பிட்டால் என்னென்ன ஆகும் என்று அதில் இருக்கும். எல்லாம் வரிசையாக அவளுக்கு ஆயிற்று. சமதரையில் தடுக்கி விழுந்தாள். பேசும்போது பாதியில் வார்த்தை நழுவியது. ரொட்டிக் கடைச் சுவரில் தன் காரைக் கொண்டுபோய் மோதி, ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தாள். எதைச் சொன்னாலும் நாலு நாளில் மறந்தாள்.

செவ்வாய்தோறும் பதினோரு மணிக்குக் கடைக்கு வருவாள். எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தேன். நான் பேசுவேன், அவள் கேட்பாள். பத்தொன்பது வயதில் ஊர் வாத்தியக் குழுவில் நான் கிளாரினெட் வாசித்தேன். ஒரு ஊர்வலத்தில் மழை கொட்டியது. எல்லாரும் ஒதுங்கிவிட்டார்கள், நான் ஒருவன் மட்டும் நடுத்தெருவில் நின்று கடைசி வரை வாசித்தேன். என் மனைவி கிரீட்டுக்கு இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மார்லீனுக்கு ஒவ்வொரு செவ்வாயும் அது புதுக் கதையாக இருந்தது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

பிறகு ஃபெம்கே என்று ஒரு இளம் டாக்டர் வந்தார். நல்ல பெண். மார்லீனைச் சோதித்துவிட்டு, மூளையில் கோளாறு இல்லை, எல்லாம் மாத்திரையின் வேலை, பத்துப் படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார். ஒவ்வொரு படிக்கும் ஒரு புட்டி. மருந்துப் பொடி அடைக்கும் கேப்ஸ்யூல்களை நான்தான் கையால் நிரப்ப வேண்டும். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. பத்தாம் புட்டியில் வெறும் மாவு.

அந்தச் சீட்டோடு வந்த அன்றைக்கு மார்லீனின் முகத்தில் அவ்வளவு தெளிவு. அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல், முதியோர் இல்லத்தில் மறதி நோயாளிகளுக்கான பூட்டிய பகுதியில் கிடந்து செத்தவர். மார்லீனுக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம் அதுதான்.

"அம்மா மாதிரி ஆயிட்டு வரேனோன்னு தினம் செத்துப் பொழச்சேன்," என்றாள். "இல்லையாம். இந்தச் சனியன் புடிச்ச மாத்திரையாம். சரியானதும் ஒஸ்தெண்ட்ல பொண்ணு வீட்டுக்குப் பக்கத்துல போயிடுவேன் மருந்துக்காரரே. உங்க கிளாரினெட் கதைக்கு வேற ஆளைப் புடிச்சுக்கோங்க. எத்தனை வருஷம்தான் அந்த மழையில நின்னுக்கிட்டே இருப்பீங்க?"

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். சிரித்தார்கள். மார்லீனும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பழகிய மாத்திரையைக் குறைக்கும்போது மனிதர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். தூக்கம் போகும், கை நடுங்கும், ஈரக்குலை பதறும். அந்த வயதில் அவளுக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. அதனால் முதல் புட்டியில் குறைக்காமல் முழு அளவே நிரப்பினேன். இரண்டாவதிலும் அப்படியே. பத்திலும் அப்படியே.

அவளுக்கு ஒரே பெருமை. "அஞ்சாவது படி, கை கூட நடுங்கல பாருங்க," என்று நீட்டிக் காட்டுவாள். நான் பாராட்டுவேன். பத்தாம் புட்டியின் மேல் 'மருந்து 0' என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன். அன்றைக்கும் படியில் தடுக்கித்தான் இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்தது கணக்கு மாதிரி. மாத்திரை நின்றுவிட்டது, மறதி நிற்கவில்லை. அப்படியானால் அது மாத்திரையால் வந்தது இல்லை. டாக்டர் ஃபெம்கே பாவம், தன் கணிப்பே தப்பு என்று நினைத்துக்கொண்டார். ஞாபகச் சோதனைக்கு அனுப்பினார். அதற்கு முந்தின செவ்வாய் நான் மார்லீனிடம் ஆறுதலாகப் பேசினேன்.

"பயப்படாதீங்க. கடிகாரம் வரையச் சொல்லுவாங்க, அவ்வளவுதான். உங்க அம்மாவுக்குக் கூட அது வரலைன்னு சொன்னீங்களே."

சோதனையில் இரண்டு முள்ளையும் ஒரே பக்கம் வரைந்தாளாம்.

அவளுடைய மகள் அனெலோர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். வீட்டை விற்றார்கள். நாயை யாருக்கோ கொடுத்தார்கள். மார்லீனை முதியோர் இல்லத்தில், அவள் அம்மா இருந்த அதே பூட்டிய பகுதியில் சேர்த்தார்கள். வெறும் மாவுதானே, வாய் பழகிவிட்டது, பத்தாம் புட்டி தொடரட்டும் என்று அவளே கேட்டாள். மாதாமாதம் நிரப்பி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமைகளில் நான்தான் போனேன். மகளுக்கு வேலை, அவ்வளவாக வர முடியவில்லை.

"எங்கம்மா இங்கதான் இருந்தாங்க. உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"தெரியும் மார்லீன்," என்பேன். பிறகு கிளாரினெட் கதையைச் சொல்வேன். வாய் திறந்து கேட்பாள். ஒரு நாள்கூடச் சிரிக்கவில்லை. இப்படி இரண்டு வருடம் நிம்மதியாகப் போனது.

போன பிப்ரவரியில் கல் பாவிய தெருவில் சைக்கிள் வழுக்கி இடுப்பு முறிந்தது. ஆறு வாரம் ஆஸ்பத்திரி. கடையைப் பார்த்துக்கொள்ள நூர்த்யே என்ற பெண் வந்தாள். படித்தவள், சுறுசுறுப்பு. இல்லத்திலிருந்து பத்தாம் புட்டி தீரப் போகிறது என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார்கள். பதிவேட்டைப் பார்த்தாள். மருந்து 0.

"ஒண்ணுமே இல்லாததை எதுக்குங்க அடைச்சுக் குடுக்கணும்? நிறுத்திடுங்க," என்றாளாம்.

நிறுத்தினார்கள். நாலாம் நாள் மதியம், சூப் குடிக்கும் மேசையில் மார்லீனுக்கு வலிப்பு வந்தது. பல்லில் நாக்கு கிழிந்தது. வயதில் மூத்தவர்கள் ஒன்பது பேர் கரண்டியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒன்றுமே இல்லாததை நிறுத்தினால் யாருக்கும் வலிப்பு வராது என்று நூர்த்யேவுக்கு உறைத்தது. இல்லத்துக்கே போய்ப் பழைய புட்டியைத் தேடி வாங்கியிருக்கிறாள். அடியில் ஒரே ஒரு மாத்திரை ஒட்டியிருந்தது. அதை ஆய்வுக்கு அனுப்பினாள். நான் அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆகவே நீங்கள் கேட்பதற்கு என் பதில் ஆமாம். பத்துப் புட்டியிலும் முழு அளவை நானே, தெரிந்தே நிரப்பினேன். அவள் பாடுபடக் கூடாது என்றுதான் செய்தேன் என்று கொஞ்சம் முன்னால் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் அந்த இரண்டு பேர் முன்னால் என் கதையைச் சொல்லி அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு இரக்கம் எனக்கு வந்திருக்காது.

இப்போது அவள் தெளிந்துவிட்டாள் என்கிறீர்கள். ஐரோப்பாவின் நதிகளையெல்லாம் பார்க்காமல் வரைகிறாளாம். சந்தோஷம். என் படத்தை அவளிடம் காட்டியிருக்கிறீர்கள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நாற்காலி ஞாபகம் இருக்கு, எடை மிஷின் ஞாபகம் இருக்கு. இவரு யாருன்னு தெரியலையே," என்றாளாம்.

அது மாத்திரையின் வேலை. சாப்பிடும் காலத்தில் நடப்பது மனதில் பதியாது என்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. எத்தனையோ பேருக்கு நானே அதைப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் பதினாறு வருடம், எல்லாச் செவ்வாய்க்கிழமையும் துடைத்தாற்போலப் போயிருக்காது. படம் காட்டினால் போதாது. அடுத்த முறை போகும்போது கிளாரினெட் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவள் சிரித்தாலும் பரவாயில்லை.