முதுகில் பட்ட குண்டு

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது மூன்று. வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டும் நாத்தனார் பிள்ளைகள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பிழை இருக்கும். பொய் இருக்காது.

ஓடுகிறோம். மரக்காணம் உப்பளம். எழுபத்தொன்றாம் வருஷம், கார்த்திகை மாசம், மதியச் சோறு தின்று முடித்த நேரம். பாகிஸ்தானோடு சண்டை நடக்கிறது. மழைக்கு நனையாமல் உப்புக் குவியலுக்குக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தோம். கடல் பக்கம் "தும்" என்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு "தும்".

"கப்பல்லேர்ந்து சுடுறான்! படுங்க! எல்லாம் படுங்க!"

மேஸ்திரி கத்துகிறார். கத்திக்கொண்டே முதல் ஆளாக ஓடுகிறார். படு என்றவர் படுக்கவில்லை. நாங்கள் பாத்தியில் தேங்கிய மழைத்தண்ணீரில் குப்புற விழுந்தோம். குண்டு விழவில்லை. இடியா, வேறு எதுவா, இன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து ஊருக்கே சந்தேகம். புது முகம் என்றால் உளவாளி. பக்கத்து ஊர் அனுமந்தையில் ஒரு பாத்திர வியாபாரியைப் பிடித்து மூட்டையைத் தெருவில் கொட்டினார்கள். உள்ளே சொம்பும் தட்டும்தான். அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். நானும் நின்று பார்த்தேன். அப்போதும் எனக்கு அவன் மேல் நம்பிக்கை வரவில்லை.

அதே நேரம் என் வீட்டுக்காரர் கிழக்கு வங்காளத்தில் இருக்கிறார். காலாட்படைச் சிப்பாய். பட்டாளத்துக்குப் போகும் முன்னால் இதே உப்பளத்தில் உப்பு வாரியவர். அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். எழுதவும் மாட்டேன். பழக்கம் அப்படி.

மறு வருஷம் வைகாசியில் வந்தார். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். வலது தோள் தூக்க வராது. பட்டாளம் அனுப்பிவிட்டது. சட்டையில் மெடல். வீரத்துக்குக் கொடுத்தது. பஸ் நின்ற இடத்தில் மாலை போட்டார்கள். நான் நிமிர்ந்து நடந்தேன்.

முதல் சனிக்கிழமை. எண்ணெய் தேய்க்க உட்கார வைத்தேன். சட்டையைக் கழற்றினார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. முதுகைத் திருப்பினார். தோள்பட்டைக்குக் கீழே ஒரு குழி. இடுப்புக்கு மேலே ஒரு குழி. என் கை நின்றது.

"முதுகுலயாங்க பட்டுது?"

"ஆமாம்."

"அங்க இன்னா செஞ்சிட்டிருந்தீங்க?"

"உப்பு வாரினேன்."

கேலி என்று நினைத்தேன். முதுகில் குண்டு பட்டால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். அடுத்த சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனேன். முதுகு அவருக்கு எட்டாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

அவர் திரும்ப உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே ஆம்பிளைகள் வெற்று உடம்போடு வேலை செய்வார்கள். இவர் மட்டும் சட்டையோடு நிற்பார். பங்குனி வெயிலிலும் கழற்ற மாட்டார். குளத்தில் ஒரு தரம் யாரோ முதுகைப் பார்த்துவிட்டார்கள். அதோடு மேஸ்திரி பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, நெஞ்சுல மெடலு, முதுகுல குண்டு. ரெண்டும் ஒத்து வரலியே! ஓடுற பந்தயத்துல ஜெயிச்சியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவருக்காகப் பேசவும் இல்லை.

ஒரு நாள் அவர் இல்லாதபோது பெட்டியைத் திறந்தேன். மெடலின் ஓரத்தில் இங்கிலீஷில் ஏதோ வெட்டியிருந்தது. யார் பெயரோ. அவருக்கு வந்த பட்டாளக் கடிதத்தின் உறையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக வளைவு பார்த்தேன். பெயர் ஒத்துப்போனது. முதுகு ஒத்துப்போகவில்லை. பெட்டியை மூடிவிட்டேன்.

மூன்று வருஷம் இப்படிப் போனது.

எழுபத்தைந்து, சித்திரை. உச்சி வெயில். வாசலில் ஒரு ஆள். இடது கை மணிக்கட்டோடு இல்லை. உள்ளே கூப்பிடவில்லை. யார் என்று கேட்டேன்.

"ஏழுமலைங்க, அண்ணி. ஊரு பெருமுக்கல்லு. அண்ணன்கூட பட்டாளத்துல இருந்தவன். எனக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தேன். அவரு இல்லன்னா இந்தக் கல்யாணமே இல்ல."

ஏன் அப்படி என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "உங்களுக்குத் தெரியாதா?" என்றான். வாசலிலேயே நின்று சொன்னான்.

முன்னால் ஒரு வரப்பு. அதன் பின்னால் நான்கு பேர். இவனும் ஒருவன். மெஷின் துப்பாக்கிக்குத் தோட்டா தீர்ந்துவிட்டது. பின்னாலிருந்து பெட்டி வர வேண்டும். நடுவில் முழங்கால் சேறு. எதிரி விடாமல் சுடுகிறான். தட தட தட. நிறுத்துவான். மறுபடி தட தட தட. பெட்டியைத் தூக்கி வந்த ஒருவன் சேற்றில் மாட்டி அங்கேயே விழுந்தான். என் வீட்டுக்காரர் அங்கிருந்த குடிசையின் கதவுப் பலகையைப் பிடுங்கினார். பெட்டியை அதில் வைத்துக் கயிறு கட்டினார். குனிந்தார். குதிகாலை ஊன்றி, பின்பக்கமாகவே நடந்து இழுத்தார்.

"தலையைக் குனி! தலையைக் குனின்னு நாங்க கத்துறோம், அண்ணி. அவரு எங்களப் பாக்கவே இல்ல. எங்களுக்கும் முதுகு, எதிரிக்கும் முதுகு. உப்பு வாருற மாதிரியே வர்றாரு. மூணு தரம் வந்தாரு. ரெண்டாம் தரம் தோள்ல பட்டுது. மூணாந்தரம் இடுப்புல. பெட்டி வந்து சேந்துது."

உப்பு வாருகிறவர்கள் பின்பக்கமாகத்தான் நடப்பார்கள். பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே பின்னால் போவார்கள். சேற்றில் அப்படித்தான் பிடி கிடைக்கும். நானும் அப்படித்தான் வாரியிருக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை.

அவனை உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்தேன். உப்பளத்துக்கு நடந்தேன். எல்லாரும் இருந்தார்கள். நேராக அவர் எதிரில் போய் நின்றேன்.

"சட்டையைக் கழட்டுங்க."

"இன்னாத்துக்கு இப்ப?"

"கழட்டுங்கன்றேன்."

"இன்னாம்மா, புருஷனை நடுப்பாத்தியில வச்சி உரிக்கிற?" என்றார் மேஸ்திரி.

அவர் கழற்றியதும் முதுகை மேஸ்திரி பக்கம் திருப்பினேன்.

"பாரு மேஸ்திரி. நல்லாப் பாரு. எதிரிகிட்ட போவும்போது பட்டது இது. உன்ன மாதிரி ஓடும்போது பட்டதில்ல."

ஏழுமலை சொன்னதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா, தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "ஏங்க சொல்லல?"

"சொன்னனே. உப்பு வாரினேன்னு சொன்னேன். நீதான் நம்பல."

மன்னிப்பு என்று நான் வாயால் கேட்கவில்லை. அன்று சனிக்கிழமையும் இல்லை. போனதும் எண்ணெய் காய்ச்சினேன்.

இப்போது போனவர்களைச் சொல்கிறேன். சேற்றில் விழுந்தவர் ஒருவர். வரப்புக்குப் பின்னால் இருந்த நால்வரில் அங்கேயே இருவர். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒருவர். ஏழுமலையின் ஒரு கை. என் வீட்டுக்காரரின் ஒரு தோள். இடுப்பில் எடுக்க முடியாமல் விட்ட ஒரு துண்டு. எழுபத்தொன்பது ஐப்பசியில் அது சீழ் வைத்து அவரையும் கொண்டுபோனது. அவர் வந்த பிறகு எங்களுக்குக் கிடைத்தது ஏழு வருஷம். அதில் மூன்றை எதிரி எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

செல்வி, இங்கே வா. பாட்டி எழுதியதைச் சத்தமாகப் படி. நான் தப்பாக நினைத்த இடம் வரும். அதைத் தாண்டிப் போகாதே.