கடைசி வரி: மற்றவை

பழைய கார் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். எதற்கு என்று இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தையல்காரம்மா மட்டும்தான் உதைக்கவில்லை. குனிந்து, டயரின் பள்ளத்துக்குள் ஒரு நாணயத்தை விட்டு ஆழம் பார்த்தாள். அப்போதே எனக்கு அவள்மேல் மரியாதை வந்துவிட்டது.

நீங்கள் கொடுத்த தாளில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா. கையெழுத்து சுமாராக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார்ச் சந்தையில் என்னைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர், பிறகு மரியாதையாக மாறிவிட்டது. நான் வாய்க்கு வந்த விலை சொல்கிறவன் இல்லை. அதே வருடத்து, அதே மாதிரி வண்டி சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று நாலு இடத்தில் விசாரிப்பேன். பிறகு ஒரு தாளில் குறைகளை ஒவ்வொன்றாக எழுதி, அதைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கழிப்பேன். தேய்ந்த டயர், வழுக்கும் கிளட்ச், கதவில் கீறல். எதையும் மறைக்க மாட்டேன். வாங்குகிறவர் முன்னாலேயே எழுதுவேன்.

ஒரு குறையை மட்டும் அப்படி எழுத முடிவதில்லை. முன்பு எங்கோ மோதிய வண்டிகள் மலிவாக வரும். மோதியபோது ஏர்பேக் வெடித்து விரிந்திருக்கும், மறுபடி உதவாது. விற்பதற்கு முன்பே புதிதாக இரண்டு வாங்கிப் பொருத்த என் கையில் முதல் இருக்காது. ஆரம்பத்தில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். மூன்று பேரிடம் சொன்னேன். மூன்று பேரும் ஆளை விட்டால் போதும் என்று கிளம்பி, பக்கத்துக் கடைப் பளபளாவிடம் போய் அதே குறையுள்ள வண்டியை முழு விலை கொடுத்து வாங்கினார்கள். பளபளா எதையும் கழிக்க மாட்டான், மெழுகு போட்டுத் துடைப்பதோடு சரி. உண்மை சொன்னதால் யாருக்கு என்ன லாபம், நீங்களே சொல்லுங்கள்.

அதனால் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். தாளின் கடைசி வரியில் 'மற்றவை' என்று எழுதி, இரண்டு ஏர்பேக்கின் விலையையும் பொருத்தும் கூலியையும் அப்படியே கழித்துவிடுவேன். ஒரு காசுகூட அதில் நான் தொட்டதில்லை.

தையல்காரம்மா ஒரு நோட்டோடு வந்தாள். அவளுடைய அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வாடகை வண்டிக்காரர்கள் பாதி நாள் வருவதில்லை, வந்தாலும் அவர் வாந்தி எடுப்பார் என்று முகம் சுளிக்கிறார்கள் என்றாள். ஆறு வருடம் தைத்துச் சேர்த்த பணம். நாலு இடத்தில் விலை கேட்டுச் சராசரி போட்டு வைத்திருந்தாள். மூன்று லட்சத்துப் பத்தாயிரம். என் தாளிலும் அதே எண்தான் இருந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பிறகு ஒரு மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கிளட்ச்சில் நான் ஒன்பதாயிரம் என்றேன், அவள் பத்து என்றாள், அவள் சொன்னதுதான் சரி. எட்டுக் குறைக்கும் சேர்த்து முப்பத்தேழாயிரம் வந்தது. இப்படி ஒருத்தி வியாபாரத்துக்கு வந்தால் பளபளா கடையை மூட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக நோட்டைப் பார்த்துக்கொண்டே சாவியைப் போட்டாள். "ஏர்பேக் விளக்கு எரிஞ்சு அணையணுமாம் அண்ணா. அப்பத்தான் நல்லா இருக்குன்னு அர்த்தமாம்."

விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்தது. அவள் நோட்டில் ஒரு சரி போட்டாள்.

அந்த விளக்கின் ஒயரை எஞ்சின் ஆயில் விளக்கின் ஒயரோடு இணைத்திருந்தேன். அது அணையும்போது இதுவும் அணையும். ஏர்பேக் இருந்த இடத்தை மறைத்து ஸ்டியரிங் மூடியை ஒட்டியதும் நான்தான். உள்ளே பழைய துணி இருந்ததாக உங்கள் அறிக்கையில் பார்த்தேன். துணி இல்லை ஐயா, வண்டி துடைக்கிற பஞ்சு. திருத்திக்கொள்ளுங்கள்.

கடைசி வரியில் நாற்பத்தெட்டாயிரம் எழுதினேன். இரண்டு லட்சத்து இருபத்தைந்தாயிரம் என்று முடிந்தது. அவள் தாளை இரண்டு தடவை படித்தாள்.

"மற்றவைன்னா என்ன அண்ணா?"

"பழைய வண்டின்னா இருக்கும்மா. எல்லாம் விலையில கழிச்சாச்சு."

இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. அதிகம் கேட்டால் விலை ஏறிவிடுமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. அந்தப் பயம் எனக்கு நன்றாகப் பழகியது. கழிக்கிற தொகை பெரிதாக இருந்தால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது உண்மைதான் என்று நினைக்கிறேன்.

நோட்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். ஏமாறத் தயாராக வந்திருந்தவள். அன்று முழுவதும் எனக்கு மனசு நிறைந்திருந்தது.

மிச்சப்பட்ட பணத்தில் அவள் அப்பாவுக்குப் பின் சீட்டில் மெத்தை தைத்துப் போட்டாள், ஜன்னலுக்குத் திரை போட்டாள். பத்து நாள் கழித்து வண்டியைக் கொண்டுவந்து காட்டினாள். அழகான தையல். அந்தப் பணத்தில் இரண்டு ஏர்பேக் வாங்கியிருக்கலாம், கையில் இருந்தது. அவள் வேறு செலவு செய்துகொண்டாள். அதில் நான் தலையிட முடியாது.

நாலு மாதம் ஓட்டினாள். டயாலிசிஸுக்குப் போகிற ஒரு காலையில், முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. வேகம் நாற்பதுதான், அந்த வேகத்தில் ஏர்பேக் இருந்திருந்தால் மூக்கில் காயத்தோடு இறங்கி லாரிக்காரனைத் திட்டியிருப்பாள் என்று உங்கள் நிபுணர் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெத்தை தாங்கியது.

அவள் அப்பா என் கடைக்கு வந்தது உங்கள் கோப்பில் இருக்காது. அவளுடைய காரியமெல்லாம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நசுங்கிய வண்டிக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார்.

"அவ உங்களைப் பத்தி வீட்ல சொல்லிக்கிட்டே இருப்பா தம்பி. ஒரே ஒரு நியாயமான மனுஷனைப் பாத்தேன்ப்பான்னு. அதான் வேற எங்கயும் போகாம உங்ககிட்டயே வந்தேன்."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இரும்பு விலை, எஞ்சின், உடையாத கண்ணாடிகள், பின் கதவுகள், எல்லாவற்றுக்கும் நல்ல விலை போட்டேன். அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மெத்தையை மட்டும் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் டயாலிசிஸுக்குப் போகவே இல்லை என்றும், பதினெட்டாம் நாள் போய்ச் சேர்ந்தார் என்றும் நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாமல் இருந்திருக்கும்.

இழுப்பறையில் இன்னும் பதினான்கு தாள் இருந்ததாகச் சொன்னீர்கள். ஆமாம், பதினான்கு வண்டி. எல்லாவற்றிலும் மூடியை நானே ஒட்டினேன், விளக்கை நானே இணைத்தேன். விலாசம் கொடுக்கிறேன். ஆனால் ஐந்து பேர் வண்டியை விற்றுவிட்டார்கள், யாரிடம் என்று தெரியாது. அவர்கள் விற்றபோது கடைசி வரியைக் கழித்திருக்க மாட்டார்கள், அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்பதே அவர்களுக்குத் தெரியாதே. இன்று அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் முழு விலை கொடுத்தவர்கள். அதுதான் அநியாயம். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அப்போது தண்ணீர் கேட்டேன். கடை நிறைய வண்டியை வைத்துக்கொண்டு, போன வருடம் என் மகளுக்கு மட்டும் ஏன் கடன் வாங்கிப் புது வண்டி எடுத்துக் கொடுத்தேன் என்று கேட்டீர்கள். சந்தையிலும் அதைச் சொல்லித்தான் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

மறைக்க ஒன்றுமில்லை. தையல்காரம்மாவுக்குக் கொடுத்த அந்த வண்டியைத்தான் முதலில் மகளுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவளுக்காகத் தாளும் போட்டேன். எட்டு வரி எழுதினேன். ஒன்பதாவதாக 'மற்றவை' என்று எழுதி, சாயங்காலம்வரை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அதில் எவ்வளவு கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.