உங்க வயித்துல இருக்கற நல்லது

அட, பயப்படாதீங்க. ஆமாங்க, உங்க பின்னாடியேதான் வந்து பஸ்ஸுல ஏறுனேன். சேலத்துல ஆசுபத்திரி வாசல்ல இருந்தே வாரேன். நீங்க நந்தகுமார்தானுங்களே? டாக்டரம்மா பேர் சொல்லிக் கூப்புட்டப்ப அதே பெஞ்சுலதான் நானும் உக்காந்திருந்தேன். என்ற பேரு ஜெயப்பிரியாங்க. மல்லசமுத்திரத்துல தறி ஓட்டறேன், உங்களையாட்டத்தான்.

அதே வைட்டமின் டி மாத்திரைக்குத்தானுங்க நானும் வந்தேன். வெயிலே படாம பட்டறைக்குள்ள கெடக்கற, நோவில்லாத ஆளுகளுக்குக் குடுத்து, வயித்துல இருக்கற கிருமி மாறுதான்னு பாக்கறாங்கன்னு கேள்விப்பட்டு ஓடியாந்தேன். ரத்தத்தப் பாத்துட்டு என்னையச் சேத்துக்கலீங்க. எப்பவோ வந்த காமாலைக் கிருமி ஈரல்ல இன்னும் இருக்குதாமா.

டாக்டரம்மா உங்ககிட்டச் சொன்னது காதுல உழுந்துச்சுங்க. ஒட்டுக் கேட்டது தப்புத்தான். மாத்திரை தின்னதுக்கப்பறம் உங்க குடல்ல நல்ல கிருமி நெறையா சேந்திருக்குதுன்னாங்க. அதையுங் கேட்டேனுங்க, மாத்திரையாலயா, திங்கற சோத்தாலயான்னு இப்பச் சொல்ல முடியாதுன்னாங்க. எதால இருந்தா எனக்கென்னங்க சாமி? உங்களுக்கு இருக்குதல்ல.

எம் மக அபிநயா. திருச்செங்கோட்டுல இஞ்சினியரிங் படிக்குது. படிச்சுதுங்க. பெருங்குடலெல்லாம் புண்ணு. வெளிக்கிப் போனா ரத்தந்தான். பரிச்சை எழுதறப்ப அடக்க முடியாம எந்திரிச்சு ஓடியிருக்குது, எல்லாரும் பாக்க சுடிதாரெல்லாம் நனைஞ்சு. அன்னைக்கு ஊட்டுக்குள்ள வந்து படுத்தவதான். மருந்து, ஊசி எதுவுங் கேக்கலீங்க. குடலையே எடுத்துப்போட்டு, வெளிக்கிப் போக வயித்துல பை வெக்கோணுங்கறாங்க. பத்தொம்பது வயசுங்க அவளுக்கு.

அதுக்கு முந்தி ஒரு வழி பாக்கலாம், நல்ல குடல் இருக்கற ஆளு யாராச்சும் இருந்தா கூட்டியாங்கன்னு கோயமுத்தூர் டாக்டர் சொன்னாரு. அந்தக் காமாலையால நான் ஆக மாட்டேன். அவிங்கப்பாவுக்குச் சக்கர. என்ற தம்பி குருமூர்த்தி மொதல்ல செரின்னான். என்ன குடுக்கோணும்னு தெரிஞ்சதும் சிரிச்சான். அப்பறம் போனே எடுக்கறதில்லீங்க.

ஐயோ, கிட்னியில்லீங்க! கத்தியே படாது. சும்மா டெஸ்ட்டுக்கு ஒருக்கா ரத்தம் எடுப்பாங்க, அவ்வளவுதான். உங்க ஒடம்புல எள்ளளவு கொறையாது. டாக்டரே அதச் சுத்தம் பண்ணி மருந்தாட்ட அவ குடலுக்குள்ள உட்டுருவாரு. உங்க நல்ல கிருமி அங்க போயிப் புடிச்சுக்கிட்டா புண்ணு ஆறலாமாமா. ஆறும்னு சொல்லலீங்க, ஆறலாம்னுதான் சொன்னாரு. எனக்கு அது போதுமுங்க.

எந்திரிக்காதீங்க. உங்க ஊரு இன்னும் வரலீங்களே. பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்கன்னு தெரியுது, பாக்கட்டும். உங்க காலப் புடிக்கறேன்.

பெருசா ஒண்ணுமில்லீங்க. தெனமும் காலைல கக்கூசுல தண்ணி ஊத்தி உட்டுப்போட்டு வாரீங்களே, அதத்தானுங்க கேக்கறேன். எம் புள்ளைக்கு அதக் குடுங்க சாமி.