சீனியோட முடி

"சின்னப் பொய்தானே பாஸ்டர், யாருக்கு என்ன நஷ்டம்?"னு இப்ப ஒருத்தர் கேட்டீங்க. நல்ல கேள்வி. பதில் சொல்றதுக்கு முன்னால ஒரு சின்னக் கதை இருக்கு, கேளுங்க... பின்வரிசை அண்ணன்மாரே, பிரியாணி எங்கயும் ஓடிடாது. நீங்களும் கேளுங்க.

கோத்தகிரிப் பக்கம் ஒரு புருஷன், பொண்டாட்டி. அவர் பேரு ஞானசிகாமணி, ஒரு ஓட்டல்ல மேனேஜர். அந்தம்மா பேரு ரோஸ்லின். பிள்ளைங்க கல்யாணமாகி வெளியூர் போயாச்சு. வீட்டுல இவங்க ரெண்டு பேரு, கூட ஒரு நாய். வெள்ளைவெளேர்னு, புசுபுசுன்னு ஒரு பொமரேனியன். பேரு சீனி.

ஓட்டல்ல இவருக்கு என்ன உடுப்பு? கறுப்புக் கோட்டு, கறுப்பு பேண்ட்டு. வீட்டுல என்ன நாய்? வெள்ளை நாய். போதாதா! தினம் காலையில சண்டைதான். "இங்க பாரு முடி... அங்க பாரு முடி... நான் வேலைக்குப் போறேனா, நாய் வேஷம் கட்டிட்டுப் போறேனா?" அந்தம்மா சிரிச்சுக்கிட்டே துடைச்சு விடுவாங்க. சீனியை வாரி விடும்போது வர்ற முடியை மட்டும் தூக்கிப் போட மாட்டாங்க. ஒரு தலையணை உறையில சேர்த்து வைப்பாங்க. அவங்களுக்குத் தக்ளியில நூல் நூற்கத் தெரியும்.

ஒருநாள் ஓட்டல் முதலாளி, எல்லார் முன்னாலயும் அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரிச்சிட்டார். அவ்வளவுதான்... இவருக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்திருச்சு. மறுநாள் அந்தம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, சீனியைத் தூக்கிப் பைக்ல வச்சார். அது என்ன நினைச்சிருக்கும்? ஊர் சுத்தப் போறோம்னு நினைச்சிருக்கும், பாவம். மலைப் பாதையில ஒரு டீக்கடைப் பக்கம் இறக்கி விட்டார்... திரும்பிப் பார்க்காம வந்துட்டார்.

"என்னங்க, சீனி எங்க?"

"வாசல் கேட்டு திறந்து கிடந்துச்சே! நீ சாத்திட்டுப் போகலையா?"

கவனிச்சீங்களா? நாயை விட்டது ஒரு பாவம். இது அடுத்த பாவம். என்னைக் கேட்டா இதுதான் பெருசுன்னு சொல்வேன்.

அந்தம்மா தெருத்தெருவாத் தேடினாங்க. கிடைக்கல. ஒரு மாசம் அழுது ஓய்ஞ்சு, அந்தத் தலையணை உறையை எடுத்தாங்க. நாய் முடி வழுக்கும், தனியா நூற்றா நிக்காது. அதனால நீலச் சாயம் போட்ட ஆட்டு ரோமத்தைக் கொஞ்சம் கலந்து நூற்றாங்க. அலசிக் காயப் போட்டாங்க. வளையமா, சிட்டமா இருக்கிற நூலை இனி உருண்டையாச் சுத்தணும். அதுக்கு இன்னொருத்தர் ரெண்டு கையையும் நீட்டிச் சிட்டத்தை மாட்டிக்கணும். வீட்டுல வேற யாரு இருக்கா?

"என்னங்க, கொஞ்சம் கையை நீட்டுங்களேன்."

நீட்டினார். மாட்டியாச்சு. அவங்க எதிர்ல உக்காந்து சுத்துறாங்க, இவர் கையை இப்படி... இப்படி... ஆட்டிக் கொடுக்கிறார். எந்திரிச்சுப் போக முடியாது, நூல் சிக்கிடும். செல்போனை எடுக்க முடியாது. முகத்தை மூடிக்கக்கூட முடியாது.

"இது உங்களுக்குத்தாங்க, மப்ளர். சீனிக்கு நீங்கன்னாதானே உயிரு..."

அவர் நூலையே பார்த்துக்கிட்டுக் கையை ஆட்டிக் கொடுத்தார்.

"பாவிங்க நான். கேட்டைச் சாத்தின மாதிரிதான் ஞாபகம். ஆனா நீங்க பார்த்தீங்களே... திறந்துதானே கிடந்துச்சு?"

ஐயோ... மனுஷனுக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. துடைக்கக் கை இல்ல. ரெண்டு கையிலயும் சீனியோட முடி.

"ரோசு... கேட்டு சாத்தித்தான் இருந்துச்சு. நான்தான்... நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

சுத்திக்கிட்டிருந்த கை நின்னுச்சு. திட்டுவாங்கன்னு பார்த்தார். நாலு அறை விட்டாக்கூட வாங்கிக்கலாம்னு இருந்தார். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "எந்த இடம்?"

பைக்ல எப்பவும் அவர் தோள்ல கை வச்சு உக்கார்ற அம்மா, அன்னைக்குப் பின்னால கம்பியைப் பிடிச்சுக்கிட்டாங்க. டீக்கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க நாயா சார்? பைக் சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சு எந்திரிச்சு ரோட்டுக்குப் போகும் சார். நாங்களும் பன்னு போட்டு வச்சிருக்கோம்."

அதுக்குள்ள பெஞ்சுக்கு அடியிலிருந்து வருது... சடை பிடிச்சு, அழுக்காகி, அடையாளமே தெரியாம வருது. யாருகிட்ட ஓடுச்சு? தினம் வாரி விட்ட அம்மாகிட்டயா? இல்லீங்க... விட்டுட்டுப் போனவர்கிட்ட! கால்ல புரளுது, மூஞ்சியை நக்குது. அவர் ரோட்டுலயே உக்காந்துட்டார். அங்க ஒருத்தர் முகத்தையும் அவரால பார்க்க முடியல.

சீனி அந்த நிமிஷமே மன்னிச்சிருச்சு. ரோஸ்லின் அம்மா? சோறு போடுவாங்க, பேச மாட்டாங்க. ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தாங்க. அது அவங்க நியாயம், நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்பானவங்களே... நாய் வந்திருச்சு. அந்த ஒரு மாசம்? சாத்தின கேட்டையே சந்தேகப்பட்டு, "என்னாலதான்... என்னாலதான்"னு அந்தம்மா அழுத ஒரு மாசம்? அதை யாரு திருப்பிக் கொடுப்பா? சின்னப் பொய்யோட நஷ்டம் இதுதாங்க. நம்ம குத்தத்தைத் தூக்கி இன்னொருத்தர் தலையில வச்சிடுறோம்... அவங்களும் அதைச் சுமந்துக்கிட்டு, நமக்கே மப்ளர் பின்னிக் கொடுக்கிறாங்க.

நம்ம வீடுகள்ல பாருங்க. தன் நிறத்தாலதான் சம்பந்தம் நின்னு போச்சுன்னு ஒரு பொண்ணு நினைச்சிட்டிருக்கா. தன் வீம்பாலதான் நின்னுச்சுன்னு அவ அப்பாவுக்குத் தெரியும். அந்தப் பொண்ணு இன்னைக்குக் காலையிலகூட அப்பாவுக்காக ஜெபம் பண்ணியிருப்பா. அந்த அப்பா இந்தக் கூட்டத்துலகூட இருக்கலாம்.

வெட்கமா இருக்கா? இருக்கட்டும்... அந்த வெட்கத்தோடயே வீட்டுக்குப் போங்க. செருப்பைக் கழட்டினதும், தண்ணி குடிக்கிறதுக்கு முன்னால, அவங்க எதிர்ல போய் நின்னு சொல்லுங்க... "நீ இல்லம்மா. நான்தான்."