இரவல் போன அடைக்கோழி

முடி நரைத்தும் முறைப்புக் குறையாத எங்கள் தலைவரே, தெருத் தெருவாகக் கடிதம் சுமந்து ஓய்வு பெற்ற தபால்காரப் பெரியவரே! இமையை விலக்கிப் பார்த்தே கோழியின் குறை சொல்லும் கால்நடை மருத்துவர் அம்மையாரே! விடியலில் கூடு திறந்து, விளக்கு வைக்கும் வேளையில் கூடு அடைக்கும் தாய்மார்களே! கோழியிடம் கொத்து வாங்கிவிட்டு, கோபத்தை வீட்டில் காட்டும் தகப்பன்மார்களே! கதவருகே தனியாக அமர்ந்திருக்கும் தையற்கார அம்மா அவர்களே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என்ன அங்கே? சத்தமாகப் பேச வேண்டுமா? பேசுகிறேன் ஐயா. சவரக் கத்தி பிடித்துப் பழகிய கை இது. இந்த ஒலிவாங்கி அதற்குப் புதிது.

நம் கோழி வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் ஒரு தீர்மானத்தைப் படிக்க மேடை ஏறியிருக்கிறேன். என்ன தீர்மானம்? நம் தெருக் கோழிகளையெல்லாம் பிடித்திருக்கும் பூச்சி, மூன்று மாதத்துக்கு முன் குடிவந்த தையற்கார அம்மாவின் கோழிகளோடு வந்தது. ஆகவே அவர் தம் பதினோரு கோழிகளையும் இந்த வாரத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டும். இதுதான் தீர்மானம். அதைப் படிக்குமுன் கொஞ்சம் பேச அனுமதி கேட்கிறேன்.

பூச்சி என்றால் எப்படிப்பட்ட பூச்சி? கடுகில் பாதி இல்லாத பூச்சி! பகலெல்லாம் பதுங்கியிருக்கும். எங்கே? கோழி உட்காரும் கட்டையின் பிளவில், கூடையின் பின்னலில், பலகையின் இடுக்கில். பொழுது சாய்ந்ததும் புறப்படும், இறகுக்குள் இறங்கும், இரத்தம் குடிக்கும், குடித்துச் சிவந்து குடியிருந்த பிளவுக்கே திரும்பும். காலையில் கோழியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கொண்டை மட்டும் வெளுத்திருக்கும். முட்டை மட்டும் குறைந்திருக்கும். கள்ளன் வந்து போனது தெரியும், கள்ளன் மட்டும் தெரியமாட்டான்!

ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன். அந்த வீட்டம்மா ஒரு மாலையில் கூட்டுக் கட்டையை வெள்ளைத் துணியால் துடைத்தார். துணியில் சிவப்புக் கோடுகள். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் என்ன செய்தார்? மருத்துவரிடம் போனாரா? பக்கத்து வீட்டில் சொன்னாரா? இல்லை. யாருக்கும் தெரியாமல் தூரத்துக் கடையில் மருந்துப் பொடி வாங்கினார். கோழிகளைப் பிடித்து இறகுக்கடியில் ஒரேயொரு முறை தூவினார். கட்டையைத் தொடவில்லை, கூடையைத் தொடவில்லை, கீழே கிடந்த வைக்கோலைக்கூட அள்ளவில்லை. பத்துநாள் கழித்துப் பார்த்தால் பழையபடி பூச்சி!

இந்த நேரத்தில்தான் அவர் வீட்டுக்கு ஒருவர் வந்து அடைக்கோழி கேட்டார். நம் தெருவின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு வீட்டில் கோழி அடைக்கு உட்கார்ந்தால், முட்டை வைத்திருக்கும் இன்னொரு வீடு அதைக் கூடையோடு இரவல் வாங்கும். இல்லையென்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொல்ல நேரிடும். ஆகவே அவர் கொடுத்தார். கோழியையும் கொடுத்தார், கூடையையும் கொடுத்தார், கூடையின் பின்னலுக்குள் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்தார்.

யார் அந்தப் புண்ணியவான் என்கிறீர்களா? முன் வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் என் மனைவிக்குத் தெரியும். இன்னும் சுற்றி வளைப்பானேன்? நான்தான்.

பொறுங்கள். திட்டுவதற்கு நேரம் இருக்கிறது. முதலில் கேட்டுவிடுங்கள்.

ஏன் மறைத்தேன்? நான் முடிதிருத்துபவன். ஊரார் தலையை நம்பி உலை வைப்பவன். துணியில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வந்தது என் கடைதான். "டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "வீட்ல பூச்சின்னு தெரிஞ்சா எவன் என் நாற்காலியில உக்காருவான்?" என்றேன். அன்றைக்கு அவள் வாயை அடைத்தேன். ஆனால் என் பயத்தை அடைக்க முடிந்ததா? வாடிக்கையாளர் ஒருவர் தலையைச் சொறிந்தால் எனக்கு வியர்க்கும். இருவர் தெருவில் நின்று பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். இரண்டு மாதமாக நான் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை.

அடைக்கோழி வாங்கிப் போனவர் யார்? தையற்கார அம்மா. பன்னிரண்டாம் நாள் கோழி அடையை விட்டு எழுந்துவிட்டது. முட்டைகள் குளிர்ந்து வீணாயின. அவர் என் கடை வாசலில் வந்து நின்று, "அண்ணே, உங்க கோழிக்கு முன்னாடியே உடம்பு சரியில்லையா? கொண்டை வெளுத்துக் கிடக்கு" என்று மெல்லக் கேட்டார். கடைக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்கள் காதில் விழும்படி, "எங்க வீட்ல நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

அந்த ஒரு சொல் போதாதா? மூன்று பேர் முப்பது பேரிடம் சொன்னார்கள். அதற்குள் கூடை அடுத்தடுத்து இரவல் போய் நாலு வீடு சுற்றியது. பூச்சியும் சுற்றியது. பழி மட்டும் ஒரே வீட்டில் போய் உட்கார்ந்தது! தீர்மானம் எழுதச் சொன்னீர்கள். எழுதியதும் இதே கைதான்.

நேற்று மருத்துவர் அம்மையாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது மனுஷன்மேல ஏறினா கடிக்கும், அரிக்கும், ஆனா தலையில குடியிருக்காது. இதுக்கா பயந்தீங்க? கோழிக்கு மட்டும் மருந்து போட்டா பாதி வேலைதான். கூட்டுக்கும் போடணும். பூச்சியோட முட்டை பொரிச்சு மறுபடியும் வரும், அதனால மறுபடியும் போடணும். ஒரு வீடு விட்டாலும் தெரு முழுக்கத் திரும்ப வந்துடும்."

ஆகவே அந்தத் தீர்மானத்தை நான் படிக்கமாட்டேன். தலைவர் என்னை மன்னிக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன். வரும் ஞாயிறு எல்லா வீடும் ஒரே நாளில் வைக்கோலை அள்ளி எரிப்போம்! கட்டைகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, இண்டு இடுக்கெல்லாம் தேய்ப்போம்! மருத்துவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில், கோழிக்கும் கூட்டுக்கும் போடுவோம்! வயலுக்கு அடிப்பதைக் கொண்டுவந்து அடிக்க வேண்டாம். அது பூச்சியோடு கோழியையும் கொன்றுவிடும். அடுத்த ஞாயிறும் இதையே செய்வோம். மருத்துவர் சரியென்று சொல்லும்வரை எந்தக் கூடையும் எந்த வாசலையும் தாண்டக் கூடாது. முதலில் என் வீட்டுக் கூட்டைப் பிரியுங்கள். எல்லோரும் வந்து பாருங்கள்.

அம்மா, அடைக்கோழிதான் நீங்கள் இந்தத் தெருவில் கேட்ட முதல் உதவி. அதற்கு நான் நோயைக் கொடுத்தேன். பிறகு பழியையும் கொடுத்தேன். உங்கள் பதினோரு கோழியும் உங்கள் வாசலிலேயே மேய வேண்டும். என்னை மன்னியுங்கள் என்று மேடையில் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தமாட்டேன். வீட்டுக்கு வந்து கேட்கிறேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம்.

எழுந்து போகாமல் கேட்ட தாய்மார்களுக்கும், நடுவில் மணியடித்து நிறுத்தாத தலைவருக்கும், உண்மையைச் சொல்லத் துணிவு தந்த மருத்துவருக்கும் என் நன்றி. நாளைக் காலை ஏழு மணிக்கு வழக்கம்போலக் கடையைத் திறப்பேன். யாராவது வருவார்களா என்பது எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திறப்பேன். வணக்கம்.