சர்ச் ரிக்கார்டில் அம்மா

சேரன்மகாதேவி பேருந்தில் என் முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள்.

“புது ரிக்கார்டு பிளேயரைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுதாவ அப்பா. மத்த ரிக்கார்டெல்லாம் அருமையாக் கேக்குதாம். அம்மா சர்ச்சுல பாடுன ரிக்கார்டுல மட்டும் பாடுதது அம்மாவே இல்லையாம்.”

“ஏண்ணே?”

“நம்ம பழைய பிளேயர் இத்தன வருசமும் வேகமா ஓடியிருக்கு. அதுல அம்மா குரல் கீச்சுன்னு வரும். இது சரியான வேகம். குரல் கனமா வருது.”

“அம்மா குரல் கனம்தானண்ணே?”

“நீயே அப்பாட்ட சொல்லு. அம்மா போன நாள்லேருந்து அவ்வோ கேட்டது அந்தக் கீச்சுக் குரலத்தான்.”

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“வேகத்தக் கூட்டி வைக்குத மாதிரி பிளேயர் இருக்கா?”

“இருக்கு. இதவிட வெல கூட.”

“அதையே வாங்கிரு.”